சிரிக்கிற ஃபன்னி, சத்தம் போடுற ஃபன்னி

அக்கா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதே, பண்ணுவதற்குப் போனைக் கையில் எடுத்திருந்தால் கீழே வை, ஏனென்றால் நம் அப்பா இன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, உன் வீட்டுக்காரரை "மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டார்.

மேலே இருக்கிற வரியை இன்னொரு தடவை படித்துக்கொள். நான் காத்திருக்கிறேன்.

சரி, இனி முறைப்படி. அன்புள்ள அக்காவுக்கு, உன் ஒரே தங்கச்சி எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு இன்று காலையில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு அனுப்பியதால் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். துப்பறிய வந்தவள் போல ஒவ்வொரு பாத்திரத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறாள். மற்றபடி கண் நன்றாக இருக்கிறதாம். நீ சுகமா? அத்தான் சுகமா? உங்கள் ஃப்ரிட்ஜ் சுகமா? கடைசிக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்கவில்லை. போகப் போகப் புரியும்.

இதைக் குடும்பக் குழுவில் போடாமல் மெயிலில் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். குழுவில் போட்டால் அத்தை பார்ப்பாள். அத்தை பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

நீ எனக்கு மட்டும் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "நாங்க வர்றது அப்பாவுக்குச் சங்கடம்னா சொல்லிடு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறோம், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொல்லியிருந்தாய். ஒண்ணும் கஷ்டமில்ல என்று சொன்னபோது உன் குரல் எந்த லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் ஹெட்போனில் கேட்டேன். அப்பா உன் கல்யாணத்தை உள்ளுக்குள் ஏற்றுக்கொள்ளவே இல்லை, நம் மொழி தெரியாதவரைக் கட்டிக்கொண்டது அவருக்கு ஆறவே இல்லை, அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது இப்போது வெளியே வருகிறது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறோம், அக்கா. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அந்த வார்த்தையை நான் இன்று கையும் களவுமாகப் பிடித்தேன்.

பிடிக்க முடிந்ததற்கு மைக் மேடத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஆன்லைனில் மைக்கும் கையுமாக வந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து, அதைப் பிரித்து மேய்ந்து காட்டுவாரே, அவர்தான். நான் அவருடைய ரசிகை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். இப்போது ரசிகர் குழுவுக்கே நான்தான் அட்மின். இந்த வாரம் அவர் சந்தோஷ வாரம் நடத்துகிறார். ஃபன் வேறு, ஃபன்னி வேறு என்றார் முதல் நாள். சுற்றுலா போனது ஃபன், போன இடத்தில் வழுக்கி விழுந்த நண்பன் ஃபன்னி. மாற்றிச் சொன்னால் நண்பன் கோபித்துக்கொள்வான். அம்யூஸ்டு என்றால் பல் தெரியாமல் சிரிப்பது. ஜாலியை மட்டும் வெளிநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாம் "சும்மா ஜாலிக்கு" என்கிறோம், "ஜாலியான ஆளு" என்கிறோம். அவர்களுக்கு ஜாலி என்றால் கன்னம் சிவந்து, தொந்தி குலுங்கச் சிரிக்கிற பெரியவராம். சியர்ஃபுல் என்றால் காரணமே இல்லாமல் முகம் மலர்ந்திருப்பவர். நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நான் கமெண்ட் போட்டேன். அதற்கு மைக் மேடமே ஒரு இதயம் போட்டார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன், பிறகு பார்.

இப்போது சில மாதத்துக்கு முன்னால் நாம் பேசிய அந்த வீடியோ காலுக்குப் போவோம். உன் பக்கத்திலிருந்து நீ பார்த்தாய், எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உங்கள் ஃப்ரிட்ஜ் ஏதோ சத்தம் போடுகிறது என்று நீ பேச்சுவாக்கில் சொன்னாய். ஃப்ரிட்ஜ் என்று காதில் விழுந்ததும் நம் மெக்கானிக் அப்பா போனை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். அத்தானுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் ஃப்ரிட்ஜுக்கு எந்த மொழியும் தேவையில்லை என்று அப்பா நினைத்தார். ஒரு விரலைக் காட்டி, "ம்ம்ம்ம்" என்று சீராக முனகினார். கட்டைவிரலை உயர்த்தினார். அது முதல் சத்தம், ஆரோக்கியமான ஃப்ரிட்ஜ். இரண்டு விரலைக் காட்டி, தோளைக் குலுக்கி, "க்ரிச், க்ரிச், க்ரிச்" என்றார். அது இரண்டாவது சத்தம், உள்ளே ஐஸ் கட்டிப்போய் ஃபேன் அதில் உரசுகிறது. மூன்று விரலைக் காட்டி, கன்னத்தை உப்பி, "டடக், டடக்" என்று துள்ளி, கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டார். அது மூன்றாவது, கம்ப்ரசர் காலி. அந்த மூன்று நிமிடத்தில் அப்பா இருந்த மாதிரி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து உன் பக்கம் திரும்பி, "யுவர் டாட் இஸ் ஸோ ஃபன்னி" என்றார். அவ்வளவுதான். அப்பாவின் முகத்தில் கரண்ட் போய்விட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்.

அன்றிலிருந்து உன் பெயர் போனில் ஒளிர்ந்தாலே அவருக்கு ஏதாவது ஒரு போல்ட் காணாமல் போய்விடும், தேடக் கிளம்பிவிடுவார். நீங்கள் வருகிற செய்தியைச் சொன்னபோதுகூட, "வரட்டும், நல்ல ஹோட்டலாப் பார்த்துத் தங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். என்னப்பா கோபம் என்று கேட்டால், "என்னை என்னன்னு சொன்னாருன்னு எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா" என்பார். தன்னைப் பார்த்துச் சிரித்ததுதான் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஃபன்னி என்றால் சிரிப்பு என்று இந்தக் காலத்தில் யாருக்குத் தெரியாது?

அப்பாவுக்குத் தெரியாது.

அப்பாவின் ரிப்பேர் கடையில் போன் எடுப்பது எப்போதும் அம்மாதான், தெரியுமல்லவா. இன்று அவள் கண் டாக்டரிடம் போனதால் என்னை உட்கார வைத்தார்கள். கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில், கால் உடைந்த ஸ்டூலில், ஒரு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு ஏசிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. போன் அடித்தது. ஒரு மேடம் இங்கிலீஷில் பேசினார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் வெரி ஃபன்னி நாய்ஸ் போடுகிறதாம். இந்த வாரத்து வார்த்தையே போனில் வந்துவிட்ட சந்தோஷத்தில் நான் குதித்து, போனைப் பொத்திக்கொண்டு சொன்னேன், "ப்பா, ஒரு மேடம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஜோக் அடிக்குதாம்."

"என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லு" என்றார் ஏசிக்கு அடியிலிருந்து.

"ஃபன்னி நாய்ஸாம்."

அப்பா வெளியே வந்தார். முகத்தில் கலவரம். "சும்மா ஃபன்னியா, வெரி ஃபன்னியா?"

"வெரி."

"அடப்பாவமே. உடனே பிளக்கைப் புடுங்கச் சொல்லு. சாப்பிட்டுட்டு நேரா வர்றேன்னு சொல்லு. போன வருஷம்தான் வாங்கினாங்க."

அக்கா, அந்த இடத்தில் எனக்குள் ஏதோ டக்கென்று மாட்டிக்கொண்டது. அந்த மேடத்திடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஃபன்னின்னா என்னப்பா என்று மெதுவாகக் கேட்டேன்.

"மெக்கானிக்கிட்டயே கேக்குறியா? ஃபன்னின்னா ரிப்பேர்" என்றார். "ஃபன்னி நாய்ஸ், ஃபன்னி ஸ்மெல். ஃபன்னின்னு போன் வந்து, போய்ப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல நல்லாத்தான் இருக்குன்னு நான் திரும்பி வந்ததே கிடையாது. கடை தொறந்த நாள்லேருந்து கிடையாது." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "உங்க அத்தான் அதுல 'ஸோ' வேற போட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. இத்தனை மாதமாக நம் அப்பா, தன் மாப்பிள்ளை தன்னைப் பார்த்து "உங்க அப்பா ரொம்ப ரிப்பேர்" என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் போல்ட் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் உடனே மைக் மேடமாக மாறினேன். ஃபன்னி என்றால் சிரிக்க வைப்பதுப்பா, பாராட்டுப்பா, விநோதமான சத்தத்துக்கும் அதே வார்த்தையைச் சொல்லுவாங்கப்பா என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "சிரிப்புன்னா காமெடின்னு சொல்ல வேண்டியதுதானே. டிவியில எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. ஒரே வார்த்தையை எதுக்கு ரெண்டு வேலைக்கு வெச்சிருக்காங்க? அது என்ன, ஸ்பேனரா? ஸ்பேனருக்குக்கூட ரெண்டு பக்கமும் வேற வேற சைஸு, பார்த்தாலே தெரியும். இதுல எந்தப் பக்கம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன். தப்புப் பண்ணிவிட்டேன்.

"சரி, இடத்தைப் பார்ப்போம்" என்று இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் என்ன பண்ணேன்? சத்தம் போட்டேன். போட்ட உடனே அவரு என்ன சொன்னாரு? ஃபன்னின்னாரு. சத்தத்துக்கு அப்புறம் வர்ற ஃபன்னி எந்த ஃபன்னி?"

அப்பாவின் வாதத்தில் எந்த வக்கீலும் தோற்றுவிடுவார். மைக் மேடத்தையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அவரும் தண்ணீர்தான் கேட்டிருப்பார். கடைசியில், அத்தான் சிரித்தாரேப்பா என்று பலவீனமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சிரிக்கத்தான் செய்வாங்க. பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு முடிவு பண்ணிட்ட கஸ்டமர் எல்லாருமே சிரிச்ச முகமாத்தான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏசிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்ததும் வழக்கை அம்மாவிடம் கொண்டுபோனேன். நமக்கு எப்போதும் அதுதானே மேல் கோர்ட். கறுப்புக் கண்ணாடியோடு எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சொன்னதைக் கேள். "ஃபன்னின்னா ரிப்பேர்னுதான் நானும் நினைச்சேன். போன் எடுக்குறது நான்தானே. மாப்பிள்ளை உங்கப்பாவை அப்படிச் சொன்னதும், சரியாத்தானே சொல்றாருன்னு விட்டுட்டேன்."

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்பது போல.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. "ஏங்க, ஒரே வார்த்தை ரெண்டு வேலை பார்க்குறது அவங்ககிட்ட மட்டுமா இருக்கு? நம்ம வேடிக்கை எத்தனை வேலை பார்க்குது? எங்க பெரியப்பா உங்களைப் பார்த்துட்டு வந்து, 'பையன் வேடிக்கையான ஆளு'ன்னாரு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவீங்க போலிருக்குன்னு நம்பிக் கழுத்தை நீட்டினேன். கல்யாணமாகி முதமுதல்ல விருந்துக்குப் போன வீட்டுல, நீங்க சாப்பிடாம அவங்க ஃப்ரிட்ஜைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்தீங்க பாருங்க, அப்பதான் பெரியப்பா எந்த வேடிக்கையைச் சொன்னாருன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். இன்னும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். வேடிக்கை, வேடிக்கை என்று இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், நட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று திருகிப் பார்ப்பது மாதிரி. "அவங்க ஃபன்னியும் நம்ம வேடிக்கை மாதிரியா?" என்று என்னிடம் கேட்டார். அச்சு அசல் அதேதான் என்றேன். "அப்ப மாப்பிள்ளை எதைச் சொன்னாரு?" என்றார்.

கவனித்தாயா, அக்கா? "உங்க அத்தான்" போய் "மாப்பிள்ளை" வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவை.

அதற்குள் அம்மா நடுவில் புகுந்து குண்டைத் தூக்கிப் போட்டாள். "அவரு சொன்னது இருக்கட்டும். அவரு குடிக்கிறதைப் பத்தி இந்த வீட்டுல யாராவது வாயைத் திறந்தீங்களா?"

எனக்கும் அப்பாவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. அம்மா போனைக் கொண்டுவந்து கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். அத்தான் அவளுக்கு அனுப்புகிற ஒவ்வொரு செய்தியும் சியர்ஸ் என்றுதான் முடிகிறது. கண் எப்படி இருக்கு, சியர்ஸ். போட்டோ கிடைச்சது, சியர்ஸ். "காலங்காத்தால சியர்ஸ். திங்கட்கிழமையும் சியர்ஸ். எம் பொண்ணு எப்படித்தான் சமாளிக்கிறாளோன்னு நான் உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிக்கிட்டு இருக்கேன்."

அங்கே சியர்ஸ் என்றால் நன்றி, சந்தோஷம், வரட்டுமா என்று எல்லாவற்றுக்கும் பொதுவாம், சந்தோஷ வாரத்தில் நேற்றைய வார்த்தையே அதுதான் என்று நான் விளக்கினேன். அம்மா போனை இன்னொரு தடவை கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "ஊத்தாமலேயே சியர்ஸா?" என்று கேட்டாள். ஊற்றாமலேயேதான் என்றேன். அவள் விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த காகிதம் பறந்தது.

ஆனால் அப்பாவின் கேள்வி அப்படியே நின்றது. அத்தான் சொன்னது எந்த ஃபன்னி? அப்போதுதான் எனக்கு உன் குரல் செய்தியின் வால் ஞாபகம் வந்தது.

நீ பேசி முடித்துவிட்டு நிறுத்த மறந்துவிட்டாய், அக்கா. வாய்க்கு வாய் ஒண்ணும் கஷ்டமில்ல என்று சொன்னவள், அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சியதும் அதில் இருக்கிறது. நான் போட்டுக் காட்டியபோது அதை அப்பாவும் கேட்டார். அதற்காக என்னை மன்னித்துவிடு, அந்த இடத்தைத் தாண்டி ஓடவிட எனக்குக் கை ஓடவில்லை. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் தூரத்தில் அத்தானின் குரல், "ஹனி, இட்ஸ் டூயிங் டாட்ஸ் செகண்ட் நாய்ஸ் அகெய்ன்." அதோடு விடவில்லை. உனக்குப் புரியட்டும் என்று அவரே போட்டுக் காட்டினார். "க்ரிச், க்ரிச், க்ரிச்."

நான் மொழிபெயர்த்தேன். "அப்பாவோட ரெண்டாவது சத்தம் மறுபடி கேக்குதுன்னு சொல்றாருப்பா."

அப்பா மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். பிசைந்த சோறு கையில் அப்படியே நின்றது. "ரெண்டாவதுதான்" என்றார். "சுருதி கொஞ்சம் எறக்கம். ஆனா ரெண்டாவதேதான். மூணுல எது எதுன்னு மனுஷன் ஞாபகம் வெச்சிருக்காரு."

"ரிப்பேரான ஆளு போட்ட சத்தத்தை எவனாவது மனப்பாடம் பண்ணுவானா?" என்றாள் அம்மா.

அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "அப்ப அது சிரிக்கிற ஃபன்னி" என்றார். சொல்லும்போதே தோள் ஆட ஆரம்பித்தது. அப்பா எப்படிச் சிரிப்பார் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கே மறந்துவிட்டது. முதலில் "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். அப்புறம் "க்ரிச், க்ரிச்" என்று தொண்டைக்குள் ஒரு உரசல். கடைசியில் "டடக், டடக்" என்று உடம்பு துள்ளி, கண் மூடி, தலை தொங்கி, சத்தமே இல்லை. மூன்று சத்தமும் வரிசையாக வந்துவிட்டன.

அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது வெரி ஃபன்னி. யாராவது பிளக்கைப் புடுங்குங்க" என்றாள்.

அதற்கப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா அந்த மேடத்தின் ஃப்ரிட்ஜைச் சரிபண்ணப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கஸ்டமரிடம் இங்கிலீஷ் பேசிவிட்டு வந்தார். "நவ் நோ ஃபன்னி, மேடம்" என்றாராம். அந்த மேடம் சிரித்தாராம். எந்தச் சிரிப்பு என்று இப்போது அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வந்ததும் உன் பழைய அறைக்குள் போனார். நீ போன பிறகு அதில் குவித்து வைத்திருந்த கம்ப்ரசர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி வராந்தாவில் வைத்துக்கொண்டிருக்கிறார். எதற்குப்பா என்று கேட்டால், இடைஞ்சலா இருக்கு என்கிறார். அது இடைஞ்சல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது. ஜன்னலுக்கு எண்ணெய் போட்டாயிற்று. நடுநடுவில், "அவளுக்கு எழுதிட்டியா, பிளக்கைப் புடுங்கச் சொல்லிட்டியா" என்று கேட்கிறார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து ஐஸ் தானாகக் கரைய விட வேண்டுமாம். கத்தியால் குத்தக் கூடாதாம், குத்தினால் கதை முடிந்ததாம். இதை மாப்பிள்ளையிடம் நீ இங்கிலீஷில் தெளிவாகச் சொல்ல வேண்டுமாம்.

கண்ணாடி முன்னால் நின்று ஒரு வரி ஒத்திகை பார்ப்பதையும் ஒட்டுக்கேட்டேன். "யூ ஆல்ஸோ ஃபன்னி, மாப்பிள்ளை." எந்த ஃபன்னிப்பா என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன். "அவரே இடத்தைப் பார்த்துப் புரிஞ்சிக்கட்டும்" என்றார்.

அதனால் அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக நீ கூப்பிடுகிற நேரத்துக்கு நீயும் அத்தானும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வந்து கூடி நில்லுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது நல்லவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வைத்துக்கொள், அப்பாவுக்குக் கூட்டம் இருந்தால் இன்னும் உற்சாகம் வரும். போனை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினாற்போல் வை. அப்பா சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லப் போகிறாராம். அன்றைக்கு எந்த போல்ட்டும் காணாமல் போகாது, அதற்கு நான் பொறுப்பு.

ஒரே ஒரு உதவி. அதற்குள் ஐஸ் கரைந்து ஃப்ரிட்ஜ் நல்லபடியாக ஓடினாலும் அதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. அத்தானை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டாவது சத்தத்தைப் போடச் சொல். அப்பா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும். அவர் தலை தொங்கி, சத்தம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிற நேரம் பார்த்து, ஹோட்டல் வேண்டாம்தானேப்பா என்று நீ கேள். நீதான் கேட்க வேண்டும். நாங்கள் யார் கேட்டாலும் இடைஞ்சல் என்றுதான் சொல்லுவார்.

உடனே பதில் போடு. ஒரு வார்த்தை போதும், அது எந்த மொழியில் இருந்தாலும் சரி. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். கூடவே மாப்பிள்ளைக்கு அவள் வாயாலேயே ஒரு சியர்ஸ், ஊற்றாதது.

இப்படிக்கு,
நாளையும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு ஃபன்னி போனுக்காகக் காத்திருக்கும்
உன் அன்புத் தங்கை